சீனா முதலில் நிறுத்தட்டும் என்பவர்களுக்கு

"சீனாக்காரன் அனல்மின் நிலையமாகக் கட்டித் தள்ளுறான். நாம மட்டும் மாடியில சோலார் போட்டு என்ன ஆகப்போகுது சார்?" மறைமலை நகரில் காலை நடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது.

அதில் பாதி உண்மை. 2024-இல் சீனா சுமார் 94,000 மெகாவாட் அளவுக்குப் புதிய அனல்மின் நிலையங்களைக் கட்டத் தொடங்கியது. அதே ஆண்டில் சுமார் 2,77,000 மெகாவாட் சோலாரையும் சேர்த்தது. இந்த மறுபாதியை யாரும் பகிர்வதில்லை. நாமும் உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் தொடங்கினோம். இதே கேள்வியை வெளிநாட்டுக்காரர் நம்மைக் காட்டியும் கேட்கலாம்.

கரியமில வாயு உலகத்துக்கே பொது. சாம்பல் அப்படி இல்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களில் கசிந்த சாம்பல் படிந்தது நம் கொசஸ்தலை ஆற்றில். மீன்பாடு குறைந்து தவிப்பவர் எண்ணூர் மீனவர். இங்கே எரிக்கும் நிலக்கரி குறைந்தால் முதல் பலன் அவருக்குத்தான். அதற்குச் சீனாவின் சம்மதம் தேவையில்லை.

வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு மானியம் ரூ.78,000. மின்கட்டணம் குறைவதும் நமக்கே.

"பக்கத்துப் பையன் எழுதலை சார், அதான் நானும் எழுதலை" என்று எத்தனையோ மாணவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் அதற்காக மதிப்பெண் போட்டதில்லை.