வீதி யாருக்கு உரியது?

எனக்குக் கணிதம் புகட்டிய ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்ற பின்னரும் நாள்தோறும் வாசிகசாலைக்கு நடந்து சென்றுவருவார். வழியில் உடைந்து கிடந்த வடிகான் மூடியொன்றில் ஒருநாள் கால் இடறி வீழ்ந்தார். காயம் ஆறிற்று; ஆயினும், அச்சம் ஆறவில்லை. அதன்பின் அவர் தம் வீட்டுப் படலையைத் தாண்டினாரல்லர். இத்தகையோர் நம் ஊர்கள்தோறும் உளர்.

சட்டம் இல்லையெனக் கூறுதற்கில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது. பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் அவர்கள் தடையின்றி அணுகுதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வகுக்கப்பட்டன. 2016இல் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. எனினும், ஏட்டில் ஏறிய உரிமை இன்னும் வீதிக்கு இறங்கி வந்திலது.

பிறநாட்டார் செய்து காட்டியவற்றை நோக்குவோம். அமெரிக்காவின் கலமசூ நகரில், போரில் ஊனமுற்று மீண்டோர் பொருட்டு 1945இல் நடைபாதை விளிம்புகள் சரிவாக்கப்பட்டன. கண்பார்வையற்றோர் காலால் உணர்ந்து வழியறியும் புடைப்புக் கற்களை யப்பானியரான செயிச்சி மியாக்கே 1965இல் ஆக்கினார். 1967இல் ஒக்கயாமா நகரில் அவை முதன்முதற் பதிக்கப்பட்டன. 2009 வரை நீடித்த போரினால் அங்கம் இழந்தோர் பலரைக் கொண்ட நம் நாட்டுக்கு இவை பிறர் கதையாகா.

"இதற்குப் பணம் எங்கே?" என வினவுவோர் உளர். நடைபாதையைப் புதிதாக அமைக்கும்போதே, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாகச் சரிவு அமைத்தல் பெருஞ்செலவன்று; கட்டியதை உடைத்துத் திருத்துவதே பெருஞ்செலவு. அச்சரிவு சக்கர நாற்காலிக்கு மட்டுமன்றி, குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் சுமை இழுக்கும் தொழிலாளிக்கும் உதவும். மேலும், நடைபாதையிற் கடைப்பொருள்களைப் பரப்பாதிருத்தற்கும், மோட்டார் சைக்கிள்களை நிறுத்தாதிருத்தற்கும், பாதசாரிக் கடவையில் முதியவர் கடந்து முடியும்வரை வாகனத்தை நிறுத்திப் பொறுத்திருத்தற்கும் ஒரு சதமேனும் வேண்டியதில்லை. வேண்டுவது பிறர் இடர் உணரும் உள்ளமே.

நம் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், வணிகர் உளர், உள்ளூராட்சி மன்றங்களில் அமர்ந்தோரும் உளர். யூபிலி விழாவுக்கு வரவேண்டிய முதிய ஆசிரியர்களுள் எத்துணைப் பேர் வழிக்கு அஞ்சி வீட்டிலிருப்பர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. பஸ் தரிப்பிடத்திலிருந்து கல்லூரி வாயில் வரையுள்ள வழியை முதற்கண் செப்பனிடுவோம். வழிகாட்டிய பெரியோர்க்கு நடக்க ஒரு வழி அமைத்தலினுஞ் சிறந்த குருதட்சணை யாதுளது?