நூறு டன் எதற்கு? ஐம்பது போதும்!



சென்ற தீபாவளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலேறிப் பிரிக்பீல்ட்சிலுள்ள தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். இடைநிலைப்பள்ளியில் பயிலும் அவள் மகன் முகம் வாடி அமர்ந்திருந்தான். 'மெக்வாரியர் ஆன்லைன்' என்னும் கணினி விளையாட்டில் தொடர்தோல்வியாம். பெருநாளுக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தையெல்லாம் கொடுத்து, நூறு டன் மெக் ஒன்றை வாங்கத் துடித்தான். கணினியையே தூக்கி எறிய வேண்டும் என்றாள் தங்கை. இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து.

'மெக்' என்பது மனிதன் உள்ளே அமர்ந்து இயக்கும் மாபெரும் போர் எந்திரம். 1984-இல் அமெரிக்காவில் வெளிவந்த பலகை விளையாட்டு ஒன்றே இதன் மூலம். 2013-இல் இந்த இணைய விளையாட்டு வெளியானது. மெக்குகள் எடையால் நான்கு வகைப்படும்: இலகு (20 – 35 டன்), நடுத்தரம் (40 – 55), கனம் (60 – 75), பெருங்கனம் (80 – 100).

பெரியதே வலியது என்று புதியவர்கள் எண்ணுகின்றனர். பெருங்கன மெக் மெல்ல நடக்கும். தோழர்களைப் பிரிந்தால் சூழப்பட்டு வீழும். இலகு மெக் விரைந்தோடும். ஆனால் சிறு தவற்றையும் தாங்காது. ஆகவே, கற்பவருக்கு நடுத்தரமே நன்று.

ஐம்பது டன் 'ஹன்ச்பேக்' மெக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வகை, வலத்தோளில் பெரும்பீரங்கியைச் சுமக்கிறது. எடை 14 டன். ஒரு குண்டின் தாக்கம் 20 புள்ளி. குண்டுகளுக்குத் தனி எடை. இன்னொரு வகையில் அவ்விடத்தில் லேசர்கள். நடுத்தர லேசர் ஒன்றின் எடை 1 டன். தாக்கம் 5 புள்ளி. நான்கு லேசர்கள் சேர்ந்தால் நான்கே டன்னில் அதே 20 புள்ளி! அப்படியானால் பீரங்கி எதற்கு? இங்கேதான் பாடம் இருக்கிறது. லேசர்களை ஒருசேரச் சுட்டால் வெப்பம் மிகும். எல்லை கடந்தால் மெக் செயலிழந்து சிலைபோல் நிற்கும். எனவே, மிச்சப்பட்ட எடையில் ஒரு பகுதியைக் குளிர்விப்பான்களுக்கே கொடுக்க வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கிறோம். இது நம் ஆண்டு ஐந்து பொருண்மைக் கணக்கன்றோ!

தொடங்குவோர்க்குச் சில கருத்துகள்:

1. இலவசமாக ஓட்டிப் பார்க்கத் தரப்படும் மெக்குகளை முதலில் பழகுக. ஆடிச் சேர்க்கும் விளையாட்டுப் பணத்திலேயே சொந்த மெக் வாங்கலாம்; ரிங்கிட் தேவையில்லை.

2. ஒரே தொலைவில் பயன்படும் ஆயுதங்களையே பூட்டுக.

3. கவசத்தை முன்புறம் மிகுதியாகவும் பின்புறம் குறைவாகவும் வைக்க. கால்களை மறவாதீர், இரண்டும் போனால் ஆட்டம் முடிந்தது.

4. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. அப்போதுதான் எது பயன் தந்தது என்பது விளங்கும்.

தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டு, மருமகன் அன்றிரவு மீண்டும் ஆடினான், மீண்டும் தோற்றான். ஏன் என்று கேட்டேன். "வெப்பத்தைக் கவனிக்கல, மாமா," என்றான். முன்பெல்லாம் "என் மெக் சின்னது," என்பதே அவன் விடை. அன்பளிப்புப் பணம் உறையிலேயே இருந்தது.

பெற்றோர்களே, திட்டுவதற்கு முன் அரைமணி நேரம் அருகில் அமருங்கள். "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லப் பழகிய பிள்ளை, பணத்தைக் கொட்டி வெற்றி தேடாது.

சிந்திப்போம்!