அண்ணப்பிளவுக் குழந்தையின் பால்பற்கள்

அண்ணம் பிளவுபட்டுப் பிறந்த குழந்தைக்குப் பாலை உறிஞ்சிக் குடிப்பது அரிது. ஒரு வேளைப் பால் ஊட்டவே நெடுநேரமாகும். குழந்தைக்குப் பசியாறவில்லையே என்ற ஏக்கத்தில், சர்க்கரை கலந்த பால்புட்டியை இரவு முழுவதும் வாயிலேயே விட்டுவைக்கும் தாய்மாரை நாம் காண்கிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறையும். தங்கிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கிப் பற்களை அரிக்கும். பிளவை ஒட்டி முளைக்கும் பற்கள் பெரும்பாலும் கோணலாகவும் எனாமல் குன்றியும் இருப்பதால் எளிதில் சொத்தையாகும்.

விழுந்துவிடும் பற்கள்தாமே என எண்ணலாகாது. பின்னாளில் நடைபெறும் சிகிச்சைகளுக்கு நோயற்ற வாய் தேவை.

ஆகவே, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டுவோம். பின்னர் ஈரத்துணியால் ஈறுகளைத் துடைப்போம். பல் முளைத்ததும் அரிசியளவு ஃபுளோரைடு பற்பசையிட்டுக் காலையும் இரவும் துலக்குவோம். முதற் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவரிடம் காட்டுவோம். நமது இரக்கம் இனிப்பாக அன்று, பொறுமையாக வெளிப்படட்டும்.