சேனலுக்கு ஆள் சேர்ப்பதும் சங்க வேலைதான்!



மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி என்றால் சென்னை வரைக்கும் தெரியும். சாக்கு மேலே ஊர்ப் பேர் இருக்கு, மில்லுப் பேர் இருக்கு. அந்த நெல்லை விளைய வச்சவன் பேர் எங்கே இருக்கு? அவன் என்ன விலைக்குப் போட்டான், எத்தனை நாள் மூட்டைக்குக் காவல் கிடந்தான், எத்தனை மழையில் நனைந்தான் என்பது யாருக்குத் தெரியும்? நம்ம அரிசி ஊர் ஊராப் போகுது. நம்ம பேச்சு மட்டும் நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்ட மாட்டேங்குது!

இதுக்காகத்தான் நம்ம சங்கத்துப் பிள்ளைகள் செல்போனை வச்சு ஒரு யூட்யூப் சேனல் தொடங்கியிருக்காங்க. நல்ல காரியம். ஆனா பார்க்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். சங்கத்துக்குள்ளேயே சிலர், "வீடியோ போடுறதா போராட்டம்? நாலு பேரைக் கூட்டி ரோட்டுல உட்காருறதை விட்டுட்டு இது எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

மண்டை ஓடு தூக்கினால்தான் கேமரா திரும்புமா?

2017-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். மழை பொய்த்தது, காவிரி காய்ந்தது. நம்ம திருச்சி மாவட்டத்து அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மார்ச் 14-ஆம் தேதி உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 23 வரை 41 நாள். கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்று கேட்டார்கள். ஆனால் டி.வி.யில் வந்தது என்ன? மண்டை ஓடு வந்தது. வாயில் கவ்விய எலி வந்தது. கோரிக்கை எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

போராடியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அப்படிச் செய்ததால்தான் நாடே திரும்பிப் பார்த்தது. நாம் கேட்பது வேறு. கோவணத்தோடு நின்றால்தான் கேமரா வரும், மனுவோடு நின்றால் வராது என்ற நிலை யாருக்கு அவமானம்? அடுத்தவன் கேமராவை நம்பி இருக்கிற வரைக்கும் அவனுக்குப் பிடித்த வேஷத்தைத்தான் நாம் கட்டியாக வேண்டும். சொந்தமா ஒரு கேமராவும், அதைப் பார்க்கப் பத்தாயிரம் விவசாயக் குடும்பமும் இருந்தால் வேஷம் தேவையில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும்.

ரேடியோ நெல் சொல்லும் பாடம்

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னது. தஞ்சாவூர்ப் பக்கம் அந்த நெல்லுக்கே "ரேடியோ நெல்" என்று பேர் வைத்துவிட்டார்கள்! சாதாரண விவசாயி ஏன் ரேடியோப் பெட்டி முன்னால் உட்கார்ந்தான்? தன் வயலுக்கு வேண்டிய சேதி அதில் வந்தது. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவனும் நெல் சேதி கேட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

இதுதான் சூத்திரம். கேட்கிறவனுக்கு உபயோகமான சேதியைச் சொன்னால் ஆள் தானா வரும். நம்ம சேனலைத் திறந்து பாருங்கள். தலைவருக்குப் பொன்னாடை, செயலாளருக்கு மாலை, நாற்பது நிமிஷம் பேச்சு. மேடையில் இருந்தவங்களே அதை முழுசாப் பார்த்திருக்க மாட்டாங்க. பிறகு "ஆதரவு தாரீர்" என்றால் எவன் தருவான்?

பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பம். பெரியதம்பி தாத்தாவும் அவர் பேரப்பிள்ளைகளும். வயலில் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று யோசித்து, 2018-இல் வில்லேஜ் குக்கிங் சேனல் தொடங்கினார்கள். வயக்காட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். ஸ்டுடியோ இல்லை, மேக்கப் இல்லை, இங்கிலீசு இல்லை. 2021-இல் ஒரு கோடி பேர் சேர்ந்தார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அதுதான். அந்த வருஷமே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

நாம் பிரியாணி போட வேண்டியதில்லை. ஆனால் மூணு விஷயம் கத்துக்கலாம். ஒண்ணு, எடுத்த வேலையை விடாமல் செய்தார்கள். ரெண்டு, சேனலைத் திறந்தால் என்ன இருக்கும் என்று பார்க்கிறவனுக்குத் தெரியும். மூணு, தங்கள் மண்ணையும் பேச்சையும் மறைக்கவில்லை.

என்ன போடலாம்?

சேதிக்கா நம்மகிட்ட பஞ்சம்? பெருவளை வாய்க்காலில் என்னைக்குத் தண்ணி விட்டாங்க, கடைமடைக்கு என்னைக்கு வந்துச்சு? வாரம் ஒரு நாள் மடையில் நின்னு தேதியோட ரெண்டு நிமிஷம் காட்டுங்க. மேலே இருக்கிறவனும் பார்ப்பான், கீழே இருக்கிறவனும் பார்ப்பான். வாழைத்தார் இன்னைக்கு என்ன விலைக்குப் போச்சு? எந்தக் கொள்முதல் நிலையம் திறந்திருக்கு, எதில் சாக்கு இல்லை? புகையான் வந்த வயலைக் காட்டி, வேளாண்மைத் துறை அலுவலர் என்ன சொல்றார் என்று கேட்டுப் போடுங்க.

கணக்குப் போட்டுக் காட்டுங்க. 2025-26 பருவத்துக்கு சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு மத்திய அரசு ஆதார விலை 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156 ரூபாய், ஆக மொத்தம் 2,545 ரூபாய். ஒரு சிப்பம் 40 கிலோ. எங்காவது ஒரு இடத்தில் சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்தால், நூறு சிப்பம் போடுகிறவனுக்கு ஒரு குவிண்டால் போச்சு. அதாவது 2,545 ரூபாய் காணாமல் போச்சு! இதை மேடையில் முழங்கினால் கைதட்டு கிடைக்கும். தராசு முள்ளைக் காட்டிக் கணக்கைச் சொன்னால், அடுத்த நாள் தன் மூட்டையை எடை போடுகிறவன் முள்ளைப் பார்ப்பான். கைதட்டு பெரிசா, முள்ளைப் பார்க்கிற கண்ணு பெரிசா?

எப்படி ஆள் சேர்ப்பது?

முதலில் தலைப்பு. "மாபெரும் எழுச்சி" என்று போட்டால் யாரும் தேடி வர மாட்டான். "நெல் கொள்முதல் ஈரப்பதம் 17 சதவீதம், எப்படிப் பார்க்கிறாங்க?" என்று போடுங்க. விவசாயி தன் கஷ்டத்தைத்தான் தேடுவான், சங்கத்தின் பேரைத் தேட மாட்டான். கஷ்டத்தைத் தேடி வருகிறவன் சங்கத்தைக் கண்டுபிடிக்கட்டும்.

ரெண்டாவது, எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வரணும். 2012-லிருந்து யூட்யூப் எத்தனை பேர் தொட்டான் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தான் என்பதைத்தான் பெரிசா எடுத்துக்கொள்கிறது. பாதியில் ஓடுகிற வீடியோவை அது அடுத்தவனுக்குக் காட்டாது. வணக்கம் சொல்லவே ரெண்டு நிமிஷம் எடுத்தால் ஆள் ஓடிவிடுவான்.

மூணாவது, சத்தம். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுப்பான், பேச்சு கேட்கவில்லை என்றால் பொறுக்க மாட்டான். காற்றடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நின்று, செல்போனைக் கிட்டத்தில் வைத்துப் பேசுங்க. சினிமாப் பாட்டு சேர்க்காதீங்க. பாட்டுக்கு உரிமை உள்ளவன் நம்ம வீடியோவை முடக்கலாம், வருமானத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

நாலாவது, வாரத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரம். பால் ஊற்றி, மாட்டைக் கட்டி, சாப்பிட்டு உட்கார்கிற ராத்திரி எட்டு மணி நல்ல நேரம். கீழே கேள்வி கேட்டு எழுதுகிறவனுக்குக் கட்டாயம் பதில் போடணும். பதில் கிடைத்தவன் நாலு பேரைக் கூட்டி வருவான்.

ஐந்தாவது, சங்கத்துக் கிளை ஒவ்வொன்றும் தன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் பகிரணும். ஐம்பது பேர் சேர்ந்தாலே செல்போனிலிருந்து நேரலை காட்டலாம். அந்த வசதியை முன்கூட்டியே இயக்கி வைக்கணும், முதல் முறை 24 மணி நேரம் வரை ஆகலாம். முற்றுகை நடக்கிற காலையில் தேடினால் கிடைக்காது.

காசு வருமா என்று பிள்ளைகள் கேட்கிறாங்க. விளம்பரப் பங்கு வரணும்னா 1,000 பேர் சேரணும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். (குட்டி வீடியோவான ஷார்ட்ஸ் பார்த்த நேரம் இந்தக் கணக்கில் சேராது.) ஒருத்தர் நாலு நிமிஷம் பார்த்தால் 60,000 தடவை பார்க்கணும், மாதத்துக்கு 5,000 தடவை. முடியாத காரியம் இல்லை. ஆனால் காசுக்காக ஆரம்பித்தால் கடைசியில் நாமும் எலியைத் தேட வேண்டி வரும். காசு கொடுத்து ஆள் சேர்த்துத் தருகிறேன் என்பவனை வாசல்படி ஏற்றாதீங்க. அது பதர் நெல். தூற்றினால் பறந்துவிடும்.

எச்சரிக்கை ரெண்டு

ஆதாரம் இல்லாமல் யார் பேரையும் சொல்லாதீங்க. தேதி, ரசீது, எடை, படம் இருந்தால் பேசுங்க. ஒரு பொய் போதும், நூறு உண்மையும் செத்துப்போகும்.

இன்னொன்று, சேனல் நம்ம சொத்து இல்லை, கம்பெனிக்காரன் இடம். 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. கிராமத்துப் பிள்ளைகள் சேர்த்து வைத்த கூட்டமெல்லாம் அதோடு போச்சு. டெல்லி எல்லையில் போராடிய விவசாயிகள் கிசான் ஏக்தா மோர்ச்சா என்ற பெயரில் வலைப்பக்கங்கள் நடத்தினார்கள். 2020 டிசம்பர் 20-ஆம் தேதி அவர்கள் முகநூல் பக்கம் சில மணி நேரம் முடக்கப்பட்டது. 2021 ஜனவரி கடைசியில் போராட்டக் களத்தில் இன்டர்நெட்டையே நிறுத்தினார்கள். ஆனாலும் அவர்கள் ஓயவில்லை. ட்ராலி டைம்ஸ் என்று தாளிலும் அச்சடித்துக் கொடுத்தார்கள். செல்போனும் இருந்தது, தாளும் இருந்தது, ரோட்டில் டிராக்டரும் நின்றது. மூன்று சட்டங்களும் 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன.

"ரோட்டுல உட்காருறதை விட்டுட்டு இது எதுக்கு" என்று கேட்ட அண்ணன்மார்களுக்கு இதுதான் பதில். ரோட்டை விடச் சொல்லவில்லை. ரோட்டுக்கு வர ஆள் வேண்டும், ஆள் வர நம்பிக்கை வேண்டும், நம்பிக்கை வர வாராவாரம் உபயோகமான சேதி வேண்டும். வருஷம் முழுக்கத் தண்ணித் தேதி சொன்னவன் கூப்பிட்டால் ஊர் வரும். ஆர்ப்பாட்டத்துக்கு முதல் நாள் மட்டும் கூப்பிடுகிறவனை எவன் மதிப்பான்?

ஆகவே விவசாயிகளே! இந்த அறிக்கையைப் படித்த கையோடு, வீட்டில் செல்போன் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு நம்ம சேனலில் சேருங்கள். அத்தோடு நிற்காமல் உங்கள் மடையை, உங்கள் களத்தை, உங்கள் தராசைப் படம் பிடித்து அனுப்புங்கள்!

நம் சேதியை நாமே சொல்வோம்!
உள்ளதைச் சொல்வோம், உரக்கச் சொல்வோம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!