கண்டிக் காணி நட்டம் தராதா?

"கண்டியில் காணி வாங்கினால் ஒருநாளும் நட்டம் வராது." விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர்ந்தவருக்கும், மத்திய கிழக்கில் உழைத்துச் சேமித்தவருக்கும், தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறத் துடிக்கும் குடும்பத்துக்கும் இதே வாக்கியம்தான் சொல்லப்படுகிறது. தரகர் சொல்கிறார், உறவினர் சொல்கிறார், பத்திரிகை விளம்பரம் சொல்கிறது. கேட்டவர் மறுவாரமே முற்பணம் கொடுத்துவிடுகிறார்.

இந்த நம்பிக்கை பிழையானது, ஆபத்தானதும்கூட. கண்டி நல்ல ஊர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மிதமான காலநிலை, பெயர்பெற்ற பாடசாலைகள், தேசிய வைத்தியசாலை, பேராதனைப் பல்கலைக்கழகம் என்று குடியிருக்க விரும்புவதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் ஊர் நல்லது என்பதால் அதன் ஒவ்வொரு துண்டுக் காணியும் நல்லதாகிவிடாது. ஊர் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்படும் சராசரி, ஒரே ஒரு முறை பத்துப் பேர்ச் வாங்கப்போகும் குடும்பத்துக்குக் காவல் ஆகாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்த மலையக மக்களுக்குச் சொந்தக் காணி என்பது தலைமுறைக் கனவு. அந்தக் கனவோடு விளையாடும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "காணி விலை இறங்கவே இறங்காது"

ரூபாய்க் கணக்கில் விலை இறங்காமல் இருக்கலாம். ரூபாயின் பெறுமதி இறங்கியதை என்ன செய்வது? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஆண்டில் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. அப்போது காணி விலை 20 சதவீதம் கூடியது என்று மகிழ்ந்தவர், உண்மையில் தம் சேமிப்பின் வாங்கும் சக்தியை இழந்திருந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது.

கேட்கும் விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்துக் காணிக்காரர் கேட்கும் தொகையைக் கேட்டு நம் காணிக்கும் மதிப்புப் போடுகிறோம். அவருடைய காணி மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாங்கும்போது முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். நொத்தாரிசுக் கட்டணம், நில அளவைச் செலவு, தரகு எல்லாம் அதற்கு மேல். அவசரத்துக்கு விற்பவர் இவற்றையெல்லாம் இழந்த பிறகுதான் இலாபத்தைப் பற்றிப் பேச முடியும்.

2. "உயரப் போகப் போக மதிப்பு"

வாவியும் மாளிகையும் தெரியும் காணி என்றால் விலை கூடும். ஆனால் அந்தக் காட்சியைத் தருவது சரிவு. சரிவில் வீடு கட்ட மலையை வெட்ட வேண்டும், தாங்கு சுவர் எழுப்ப வேண்டும், மழைநீருக்கு வழி விட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும் கட்டியவர் மட்டுமன்றிக் கீழே குடியிருப்பவரும் பாதிக்கப்படுவார்.

2020 செப்டெம்பர் 20ஆம் திகதி அதிகாலை கண்டி பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டிலிருந்த இளம் தம்பதியும் அவர்களின் கைக்குழந்தையும் இறந்தனர். அவர்கள் தங்கள் வீட்டில் எந்தப் பிழையும் செய்யவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி. இதற்குப் பிறகும் "மலைக்காட்சி" என்ற ஒரு சொல்லுக்காக விலையைக் கூட்டிக் கொடுப்பது எப்படி நியாயமாகும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அந்த நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையும் கேட்கப்படுகிறது. துயரம் என்னவென்றால், பெரும்பாலானோர் காணியை வாங்கி, உறுதி எழுதி முடித்த பின்னர்தான் அந்த அறிக்கைக்குப் போகிறார்கள். "இங்கே கட்ட முடியாது" என்று பதில் வந்தால் கையில் மிஞ்சுவது வரி கட்ட வேண்டிய ஒரு சரிவு. ஹந்தானை மலைப் பகுதி 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள்ளோ ஓரத்திலோ வரும் காணிக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

பள்ளத்தில் வாங்கினால் தப்பலாம் என்றும் இல்லை. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் அக்குறணை நகரம் நீரில் மூழ்குவதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்.

3. "உறுதி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை"

மூன்றாவது வாதம்தான் அதிகமானோரை ஏமாற்றுகிறது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி கைமாற்றத்துக்குச் சான்று. எழுதிக் கொடுத்தவருக்கே உரிமை இருந்ததா என்பதை அது சொல்லாது.

கண்டிக்கு இதில் தனியான சிக்கல்கள் உண்டு. கண்டியச் சட்டம் பற்றிய 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அச்சட்டத்துக்கு உட்பட்டவர் எழுதிய நன்கொடை உறுதியைச் சில விதிவிலக்குகளுடன் பின்னர் இரத்துச் செய்ய இடம் தருகிறது. இரத்துச் செய்யும் உரிமையைக் கைவிடுவதாக அந்த உறுதியில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல், நன்கொடையாகப் பெற்றவரிடம் காணி வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் இறங்குவது போன்றது. விகாரைக்கும் தேவாலயத்துக்கும் உரிய காணிகள் இங்கே பரந்து கிடக்கின்றன. பரம்பரைக் காணிகளில் பிரிக்கப்படாத பங்குகள் உண்டு. நிலத்தில் வேலி போட்டுக் காட்டப்படும் பத்துப் பேர்ச், பதிவில் பல பேருக்குச் சொந்தமான ஒரு பெரிய காணியின் சிறு பங்காக இருக்கலாம். பத்து வருடம் எதிர்ப்பின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரவும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் வழி விடுகிறது.

ஆகவே காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். விற்பவரின் சட்டத்தரணியை நம்பாமல் தமக்கென ஒருவரை அமர்த்த வேண்டும். பழைய வரைபடத்தை நம்பாமல் நில அளவையாளரை நேரில் அழைத்து எல்லைக் கற்களைப் பார்க்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணி வாங்கும் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. அதற்காக உறவினர் பெயரில் வாங்கி வைப்பது பிற்காலத்தில் குடும்பத்தையே இரண்டாக்கும்.

4. "அதிவேக நெடுஞ்சாலை வருகிறது, விலை இரட்டிக்கும்"

மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதைக் கொழும்புப் பக்கத்தோடு இணைக்க வேண்டிய கடவத்தை – மீரிகம பகுதி பொருளாதார நெருக்கடியில் நின்றுபோய், 2025இல்தான் மீண்டும் தொடங்கப்பட்டது. கண்டியை நோக்கிய பகுதியும் இழுபட்டது. வாக்குறுதி வந்த அன்றே விற்பவர் அதை விலையில் சேர்த்துவிட்டார். பாதை தாமதிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் வட்டி கட்டுவது வாங்கியவர்.

5. "வாடகைக்கு விட்டாலே கடன் அடையும்"

பேராதனை மாணவர் போர்டிங், சுற்றுலாப் பயணிகளுக்கான அறைகள் என்று கணக்குக் காட்டுவார்கள். 2018இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தனர். 2021இல் அந்தத் தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் இணையத்துக்குப் போனபோது மாணவர் அறைகளும் வெறுமையாயின. இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் நின்றன, வங்கிக் கடன் மட்டும் அப்படியே இருந்தது. எசல பெரஹரா நாட்களின் வாடகையை வைத்து வருடம் முழுவதற்கும் கணக்குப் போடுவதும் இதே தவறுதான்.

கண்டியில் காணியே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குண்டசாலையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ பிலிமத்தலாவையிலோ உறுதியான நிலமும் தெளிவான உறுதியும் குடிநீரும் பாதையும் உள்ள காணி கிடைத்தால், குடியிருக்கும் எண்ணத்தோடு தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் படித்து முன்னேற ஏற்ற ஊர் இது. விலை ஏறினால் அது மேலதிக நன்மை. ஏறாவிட்டாலும் வீடு வீடாகவே இருக்கும்.

இந்தச் சுமை முழுவதையும் வாங்குபவரின் தலையில் மட்டும் வைப்பதும் நியாயமில்லை. மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்பவர்கள், முதல் முற்பணத்தை வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையைக் காட்ட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் அபாய வரைபடங்களைத் தங்கள் வாசலிலேயே ஒட்டி வைக்கலாம். அது நடக்கும் வரை ஒவ்வொரு வாங்குபவரும் ஒரு விதியைக் கைக்கொள்ளட்டும்: அறிக்கையும் முப்பது வருடப் பதிவும் கைக்கு வராமல் ஒரு ரூபாய் முற்பணமும் கொடுக்கக் கூடாது. அவற்றைத் தரத் தயங்குபவரின் காணி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.