கற்பும் கட்டுமரமும்

நான் இதுவரை மூன்று மீனவர்களைக் கொன்றிருக்கிறேன். மூவரும் என் கதைகளில் வந்தவர்கள். மூவரும் கடலோடு போனவர்கள். அவர்களுக்காகக் கண்ணீர் விட்டதாக வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இன்னும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவர்களில் ஒருவராவது, "அந்த மனிதன் ஏன் ஸார் லைஃப் ஜாக்கெட் போடாமல் போனான்?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். கதை கெட்டுப் போய்விடுமே!

சென்ற மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தேன். மயிலம் முருகன் முதலாகச் சுற்று வட்டாரத்து உற்சவ மூர்த்திகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கிற நாள். என்னோடு வந்த நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நிறையக் கதை படிப்பவர். கடலைப் பார்த்ததும் அவருக்கு உணர்ச்சி பெருகிவிட்டது.

"இந்த ஜனங்களுக்கு என்ன ஸார் பயம்? கடல் இவர்களுக்குத் தாய்மடி!" என்றார்.

பக்கத்தில் நின்ற குப்பத்துப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "தாய்மடிதான் சார். ஏறி எறங்குற படியைப் பேத்துட்டாங்களே, அதுக்கு என்னா பண்றது?" என்று சொல்லி, கரையோரம் குவிந்து கிடந்த கருங்கற்களைக் காட்டினார்.

நண்பருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் புரிந்தது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாடைக் காலத்தில் தெற்கே போகும். மற்ற மாதங்களில் வடக்கே வரும். வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுக முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே வரவேண்டிய மணல் நின்றுபோனது. நகரத்தின் கடற்கரை மறைந்தது. குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் சோலை நகரும் தங்கள் மணலை இழந்தன. கடல் வீடுகளுக்குள் வராமல் இருக்கக் கல்லைக் கொட்டினார்கள். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஓர் இரும்புத் தடுப்பை இறக்கிய பிறகு, நகரத்தின் முன்னால் கொஞ்சம் மணல் திரும்பியது. நாம் காற்று வாங்கப் போய்ச் சந்தோஷப்பட்டோம்.

மணல் நமக்கு உலாவும் இடம். மீனவனுக்கு அது துறைமுகம். சிறு படகுக்குக் கண்டம் நடுக்கடலில் மட்டும் இல்லை. அலை உடைகிற இடத்தில், கரையேறும் அந்தச் சில நிமிஷங்களிலும் இருக்கிறது. மணலில் படகு கவிழ்ந்தால் மனிதன் நனைவான், எழுந்து நிற்பான். கல்லில் கவிழ்ந்தால்?

இதை எந்த நாவலில் எழுதினோம்? நாம் எழுதியதும் படித்ததும் வேறு. தகழியின் 'செம்மீன்' 1956-இல் வெளிவந்தது. சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. 1965-இல் படமாகி ஜனாதிபதியின் தங்கப் பதக்கமும் வாங்கியது. மகத்தான நாவல், அதில் எனக்குத் தகராறு இல்லை. அதன் நடுவே நிற்கும் நம்பிக்கையை நாம் எடுத்துக்கொண்ட விதத்தில்தான் தகராறு. கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறதாம்! ஆகா, என்ன ரசம், என்ன காவியம் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டோம். நானும் சாய்ந்தேன். என் மூன்று கொலைகளில் ஒன்று அந்த ரசத்தில் செய்ததுதான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் உருவானது. அதற்கு முந்தைய நாள்தான் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது. ஒரே நாளில் புயலாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி சேரவில்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கேட்கிறேன்: அத்தனை வீட்டுப் பெண்களும் ஒரே இரவில் நெறி தவறிவிட்டார்களா? கேட்கவே நாக் கூசுகிறது அல்லவா? அந்தக் கூச்சம் நாவல் படிக்கும்போது எங்கே போயிற்று?

"சரி, கற்பை விடுங்கள். விதி என்று ஒன்று இல்லையா? அதோடு இவர்களுக்கு அலட்சியமும் ஜாஸ்தி. ஜாக்கெட் கொடுத்தாலும் போடமாட்டார்கள்" என்கிறார் நண்பர். விதிக்கும் அலட்சியத்துக்கும் நடுவே நம்முடைய பொறுப்பு எவ்வளவு சௌகரியமாக நழுவிவிடுகிறது, பாருங்கள்!

போடாததற்குக் காரணம் உண்டு. தடித்த மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் வலை இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். புழுங்கும், கையை மடக்க விடாது, வலைக்கண் அதன் பட்டையில் மாட்டினால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். வேலை செய்யும் மனிதனுக்கு ஏற்ற மெல்லிய சட்டைகளும், தேவைப்படும்போது காற்று நிரம்பும் இடுப்புப் பட்டைகளும் உலகத்தில் இல்லாமல் இல்லை. அவை குப்பத்துக்கு வந்து சேர வேண்டும்.

நாமோ சுண்ணாம்பாற்றில் அரைமணி நேரம் உல்லாசப் படகு ஏறினால், குழந்தைக்கு ஜாக்கெட் கட்டியாயிற்றா என்று பத்து முறை பார்க்கிறோம். தனியாக நடுக்கடலுக்குப் போகிறவன் வெறும் உடம்போடு போனால் வீரம் என்கிறோம்!

மேல்நாடுகளில் 'கயாக்' என்னும் சிறு தோணியில் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டுப் போய்ப் பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறார்கள். மேலே உட்கார்ந்து போகும் அந்த வகைத் தோணி நம் கட்டுமரத்துக்குத் தம்பி முறை. கட்டுமரம் மூழ்காது, கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். இன்று ஃபைபர் படகுகள் வந்து மரங்கள் அருகிவிட்டன. ஆனால் ஆபத்தின் கணக்கு மாறவில்லை. தோணி மூழ்குவதைவிட, ஆள் வேறு தோணி வேறாகப் பிரிவதே பெரும் ஆபத்து. காற்றடித்தால் காலித் தோணி, நீந்துகிறவனை முந்திக்கொண்டு ஓடிவிடும். ஆகவே அங்கே முதல் பாடம் ஜாக்கெட். இரண்டாவது, ஆளையும் தோணியையும் இணைக்கும் கயிறு. மூன்றாவது, கழுத்தில் ஊதல், நனையாத உறையில் தொலைபேசி. நான்காவது, எப்போது திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் நாளில் கரையோரம் குளம்போல் அமைதியாகத் தெரியும். அதை நம்பி இறங்கிய புதியவன் தள்ளிக்கொண்டு போகப்படுவான். இது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த பாடம். பொழுதுபோக்குக்குத் துடுப்புப் பிடிக்கும் இளைஞர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீஸுக்கு 1093. இந்த இரண்டு எண்களும் குப்பத்துச் சுவரில் சினிமா சுவரொட்டிக்குச் சமமாகப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கையால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்கள் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடுக்குப் போய்ப் பார்க்கட்டும். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சேதி பார்த்து ஊருக்குப் போன் செய்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராமத் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. ஜனங்கள் ஓடினார்கள். சுனாமி வந்து வீடுகளையும் படகுகளையும் அள்ளிக்கொண்டு போயிற்று, மனிதர்கள் பிழைத்தார்கள். அவர்களைக் காத்தவை ஒரு போன், ஓர் ஒலிபெருக்கி, அதை நம்பி ஓடிய கால்கள். இதில் காவியம் எங்கே என்று கேட்டால், எனக்கு இதுதான் காவியம்.

அடுத்த நாவலில் என் மீனவன் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போவான். வானிலைச் செய்தி கேட்டுவிட்டு இரண்டு நாள் போகாமலும் இருப்பான்; அந்த இரண்டு நாள் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எழுதுவேன். அவன் மனைவி அவனோடு சண்டை போடுவாள், கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவாள். அப்போதும் அவன் பத்திரமாகக் கரையேறுவான், கல் இல்லாத மணலில். சுவாரஸ்யம் குறையலாம். கண்ணீர்க் கடிதங்கள் வராமலும் போகலாம்.

வராவிட்டால் போகட்டும். என் பெட்டியில் இருப்பவையே போதும்.