பட்டியைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்

யாழ்ப்பாணச் சுருட்டு முரட்டுச் சரக்கு, தோட்டத்துக் கிழவர்களுக்கே உரியது என்று நம்மவர் சிலர் பேசியும் எழுதியும் வருகின்றனர். ஹவானாப் பெட்டியை மேசைமேல் வைத்துப் படமெடுத்துக்கொள்ளும் புலம்பெயர்ந்த அன்பர்கள் இவர்களில் முன்னணியினர். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. சுருட்டின் இடுப்பிலுள்ள காகிதப் பட்டியைக் கழற்றிய பின்னும் அதே தீர்ப்பைச் சொல்வீர்களா?

பெயரை மறைத்துச் சுவைப்பது பழைய சோதனை. 1976 மே 24இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் எது எவருடையது என்று அறியாமல் சுவைத்து, கலிபோர்னிய வைனுக்கு முதலிடம் கொடுத்துவிட்டனர். முடிவு வெளியானதும் ஒரு நடுவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். நாக்கு சொன்னதைக் கௌரவம் ஏற்கவில்லை.

அதே கௌரவத்தைக் கிளிநொச்சியிலும் கண்டேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் இந்தச் சோதனைக்குத் தாமாகவே இசைந்தார். அவர் கொண்டுவந்த நான்கு சுருட்டுகளின் பட்டிகளை அகற்றி, பரந்தன் சந்தியில் வாங்கிய நம்மூர்ச் சுருட்டொன்றையும் சேர்த்து, கண்ணைக் கட்டிய அவருக்கு ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது வந்தபோது முகம் மலர்ந்தது. "அண்ணை, இது நிக்கரகுவாச் சரக்கு. கொக்கோ மணக்குது. பின்னாலை மெல்லிய புகைவாசம் ஒண்டு வருது பாருங்கோ, அதுதான் கைதேர்ந்தவன்ரை வேலை" என்றார். பாதிக்கு மேல் இழுத்தார். கண்கட்டை அவிழ்த்து, நூலால் கட்டிய நம்மூர்க் கட்டைக் காட்டினேன். அந்தக் கணமே அதே புகைவாசம் "அடுப்படி நாத்தம்" ஆகிவிட்டது!

அந்த வாசத்துக்குக் காரணம் உண்டு. கியூபாவிலும் நிக்கரகுவாவிலும் இலையைக் கொட்டகைக் காற்றில் உலர்த்தி, பிறகு குவித்துப் புளிக்கவைப்பர். நம் குடாநாட்டிலோ குடிலுக்குள் இலையைத் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையை ஊட்டுவர். உண்மையான சுவைஞர் இந்த ஒரு தடயத்தைக் கொண்டே ஊரைச் சொல்லியிருக்கலாம். சாம்பலை வைத்தே திருச்சிராப்பள்ளிச் சுருட்டென்று ஷெர்லொக் ஹோம்ஸ் கண்டுபிடித்ததாக 1887இல் கொனன் டொயில் எழுதினார். அது கதைதான், போகட்டும். ஆங்கிலேயரின் 'செரூட்' நமது 'சுருட்டு' என்ற சொல்தான். சிங்களவரின் 'சுருட்டுவ'வும் அதுவே. உலகுக்குச் சொல்லைக் கொடுத்தவர்கள் சரக்கைக் கண்டு கூசுகின்றனர்.

எதிர்முகாமும் என்னை வசப்படுத்தவில்லை. இதே சுருட்டை முகர்ந்து, "வன்னி மண்ணின் மணம்" என்று கண்கலங்குவோர் உண்டு. ஐயா, கிளிநொச்சியில் விற்கப்பட்டாலும் அது குடாநாட்டு இலை. வன்னி அதற்குக் கொடுத்தது வேறொன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் வெளியேறினர். பின்னர் வன்னியின் தறப்பாள் கொட்டில்களில் சிலர் மடியில் பலகை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். அந்த விரல்களை எந்த நாக்காலும் சுவைத்தறிய முடியாது. கட்டின்மேல் அவர்களின் பெயரும் இல்லை.

புகையிலையை உயர்த்தி எழுதலாமா என்று சிலர் கேட்பர். அது கொல்லும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எவரும் புகைக்கத் தொடங்க வேண்டாம். ஆனால், ஹவானாவை ஊதிக்கொண்டே "ஊர்ச் சுருட்டுத் தொழில் அழிந்தால் சுகாதாரத்துக்கு நல்லது" என்று சொல்பவரின் அக்கறையை என்னால் நம்ப முடியவில்லை. 2020க்குள் புகையிலைச் செய்கையை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2017இல் அரசு அறிவித்தது. 2020 கடந்தும் செய்கை நிற்கவில்லை. இலங்கை 2003இல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை, இத்தொழிலை நம்பியிருப்போருக்கு மாற்று வாழ்வாதாரம் அமைய ஊக்கமளிக்கச் சொல்கிறது. தடையைப் பற்றிப் பேசுவோர் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்: தோட்டக்காரர் நாளை எதை நடுவது, அதற்குக் கடன் கொடுப்பது யார், விளைந்ததை என்ன விலைக்கு வாங்குவது யார்? அறுபது வயதில் சுருட்டுவது தவிர வேறு தொழில் அறியாத கைகளுக்கு என்ன வேலை?